லண்டன் வசந்தகாலப் பூக்களை வச்சு வீட்லயே பொக்கே கட்டுறது எப்படி? முழுமையான வழிகாட்டி

நிலக்கோட்டைப் பக்கம் பிறந்து வளர்ந்தவளுக்குப் பூவைப் பத்தி யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லன்னு ஒரு திமிரோடதான் நான் லண்டன் வந்து இறங்கினேன். முதல் வருஷம் மார்ச் மாசம், ஈஸ்ட் ஹாம்ல ஃப்ரெண்டு ஒருத்திக்கு வளைகாப்பு, மேடைக்குப் பூ அலங்காரம் நான் பாத்துக்குறேன்னு வாயை விட்டுட்டேன். ரெண்டு நாள் முன்னாடியே சூப்பர் மார்க்கெட் போய் டாஃபோடில் அஞ்சு கட்டு, டியூலிப் நாலு கட்டு வாங்கிட்டு வந்து எல்லாத்தையும் ஒரே பக்கெட்ல சொருகி, குளிருமேன்னு பாவப்பட்டு கிச்சன்ல ஹீட்டர் பக்கத்துலயே வச்சேன். வளைகாப்பு அன்னைக்குக் காலைல பாத்தா டாஃபோடில் எல்லாம் முழுசா விரிஞ்சு ஓரம் காய ஆரம்பிச்சிருச்சு, டியூலிப் பூரா தலையைத் தொங்கப்போட்டு பக்கெட் விளிம்புல படுத்துக் கிடக்கு, இலை வேற மஞ்சள் தட்டியிருக்கு. கடைசில பேப்பர் பூவை ஒட்டித்தான் மானத்தைக் காப்பாத்தினோம்.

தப்பு எங்கன்னு புரிய கொஞ்ச நாள் ஆச்சு. நம்ம மல்லிகையைக் காம்புக்கு மேல கிள்ளிட்டா அதோட வேலை முடிஞ்சுது, ஈரத்துணியில சுத்தி வச்சா சாயங்காலம் தானா விரியும், மறுநாள் வாடும், அவ்வளவுதான் அதோட ஆயுசு. இங்க வசந்தத்துல வர்ற பூ நீளத் தண்டோட வருது, வெட்டின பிறகும் தண்ணி குடிக்குது, டியூலிப் ஜாடிக்குள்ள நின்னுக்கிட்டே ரெண்டு மூணு சென்டிமீட்டர் வளருது, வெளிச்சம் இருக்குற பக்கம் திரும்புது. அதனால இங்க கட்டுறது ரெண்டாவது வேலை, முந்தின ராத்திரி பூவைத் தண்ணி குடிக்க வைக்கிறதுதான் முதல் வேலை. கீழ சொல்றதெல்லாம் இந்த ஒரு விஷயத்தைச் சுத்தித்தான்.

எப்ப எந்தப் பூ?

ஜனவரி கடைசிலேர்ந்தே கார்ன்வால் டாஃபோடில் கடைக்கு வந்துரும், சில்லித் தீவுகள்லேர்ந்து டாஃபோடில் குடும்பத்து வாசனை நார்சிசஸ் அதுக்கும் முன்னாடியே வரும். பிப்ரவரி, மார்ச்ல டியூலிப், ஹயசிந்த், அனிமோன், ரனங்குலஸ். ஏப்ரல்ல லைலாக், செர்ரி கிளை, பச்சை உருண்டையா வர்ற வைபர்னம். மே கடைசிலேர்ந்து ஜூன் பாதி வரைக்கும் இந்த ஊர் பியோனி, கூடவே ஸ்வீட் பீ. நம்ம கணக்குல சித்திரை, வைகாசிதான் இளவேனில், பாத்தீங்கன்னா இங்கயும் நல்ல பூவெல்லாம் சரியா அந்த ரெண்டு மாசத்துலதான் குவியுது, சித்திரை ஒண்ணுக்குக் கனி வைக்கிறவங்க கொன்றை இல்லையேன்னு கவலைப்படவே வேணாம், மஞ்சள் ஃபார்சித்தியாவோ கடைசி டாஃபோடிலோ கண்டிப்பா கிடைக்கும்.

ஒரு எச்சரிக்கை. இங்க மதர்ஸ் டே பெரும்பாலும் மார்ச்ல, ஈஸ்டருக்கு மூணு வாரம் முன்னாடி ஞாயித்துக்கிழமை வரும், ஈஸ்டர் தள்ளிப்போனா ஏப்ரலுக்கும் போகும். அந்த வாரம் பூ விலை ஏறிரும், நம்ம ஊர்ல முகூர்த்த நாள்ல மல்லி ஏறுற மாதிரியே. ஃபங்ஷன் தேதி உங்க கையில இருந்தா அந்த வாரத்தை விட்டுருங்க.

எங்க வாங்குறது?

பத்து இருபது தண்டுக்கு சூப்பர் மார்க்கெட்டே போதும், டாஃபோடில் கட்டு ஒண்ணு ரெண்டு பவுண்டுக்குள்ள முடிஞ்சிரும். கொஞ்சம் வேடிக்கையும் பாக்கணும்னா ஞாயித்துக்கிழமை கொலம்பியா ரோடு மார்க்கெட், காலைல சீக்கிரம் போனா நல்ல பூ, மதியம் கடை கட்டுற நேரத்துல போனா மலிவான பூ, ரெண்டும் ஒண்ணா நடக்காது.

மேடை அலங்காரம், பெரிய விசேஷம்னா நைன் எல்ம்ஸ்ல இருக்குற நியூ கோவன்ட் கார்டன் மார்க்கெட்தான். இது மொத்த வியாபார இடம், 1974-ல பழைய கோவன்ட் கார்டன்லேர்ந்து இங்க மாத்தினாங்க. வியாபாரம் விடியறதுக்கு முன்னாடியே நடந்து காலை 10 மணிக்கெல்லாம் காலி. நம்மள மாதிரி ஆளும் உள்ள போய் வாங்கலாம், ஆனா ஒரு தண்டு ரெண்டு தண்டுலாம் தரமாட்டாங்க, முழுக்கட்டாதான் எடுக்கணும், சொல்ற விலைல பெரும்பாலும் வாட் வரி சேர்ந்திருக்காது, பில் போடும்போதுதான் தெரியும். முதல் தடவை நான் மதுரை மாட்டுத்தாவணி பூ மார்க்கெட் நெனப்புல பேரம் பேசினேன். கடைக்காரர் சிரிச்சிட்டு ரெண்டு தண்டு யூகலிப்டஸ் சும்மா குடுத்தாரு, விலை மட்டும் இறங்கல.

இன்னொண்ணு, பார்க்லயும் ரோட்டோரமும் டாஃபோடில் கொத்துக்கொத்தா நிக்கும், யாரும் பாக்கலியேன்னு பறிச்சுராதீங்க, கவுன்சில் நட்டது அது. காட்டுல நீலமா விரிஞ்சு கிடக்குற புளூபெல்லும் சட்டப் பாதுகாப்புல இருக்குற செடி, பறிச்சாலும் வீடு வர்றதுக்குள்ள துவண்டுரும்.

எப்படிப் பாத்து எடுக்குறது?

விரிஞ்ச பூவை எடுக்காதீங்க, இதுதான் முதல் விதி. டாஃபோடில்ல மொட்டு பென்சில் மாதிரி நேரா மேல பாத்துட்டு இருந்தா அது ரொம்ப இளசு, கழுத்து லேசா வளைஞ்சு வாத்து தலை மாதிரி குனிஞ்சு, நுனில மஞ்சள் எட்டிப் பாத்தா அதுதான் பதம். டியூலிப்ல மொட்டு மூடியிருக்கணும், ஆனா முக்கால்வாசி நிறம் வந்திருக்கணும், முழுப் பச்சையா இருந்தா அது விரியாமலே போக வாய்ப்பு இருக்கு. கட்டை லேசா அமுக்கி உரசுங்க, புது டியூலிப் இலை கீச்சுகீச்சுன்னு சத்தம் போடும், பழசு சத்தமே போடாது. கத்திரிக்காய் வாங்கும்போது காம்பைப் பாப்போமே அந்த மாதிரி கையில வந்துரும் இது.

ரனங்குலஸை மட்டும் மொட்டா வாங்காதீங்க, பாதி விரிஞ்சதா எடுங்க, மேல தொட்டா பஞ்சு மாதிரி அமுங்கணும். பியோனிக்கும் அதே பஞ்சு சோதனைதான், கோலிக்குண்டு மாதிரி கெட்டியா இருக்குற பியோனி ஜாடில அப்படியே நின்னு செத்துப்போகும், காசு தண்டம். அனிமோன்ல நடுவுல கருப்புப் பொட்டைச் சுத்தி இருக்குற இழை எல்லாம் இன்னும் நடுவை ஒட்டியே இருக்கணும், பொடி உதிர ஆரம்பிச்சிருந்தா வேணாம்.

முந்தின ராத்திரி வேலை

இந்தப் பகுதியைத் தயவுசெஞ்சு தாண்டிப் போயிராதீங்க.

பக்கெட்டை முதல்ல சோப்பு போட்டுத் தேய்ச்சுக் கழுவுங்க, சாம்பார் வாளியை அலசுற மாதிரி இல்ல, சாம்பார் வைக்கப்போற வாளியைக் கழுவுற மாதிரி. தண்ணில பாக்டீரியா பெருகி தண்டோட வாயை அடைச்சிருது, முக்கால்வாசிப் பூ அதனாலதான் சீக்கிரம் வாடுது. கத்தி இல்லன்னா செகட்டர் (செடி வெட்டுற கத்திரி) நல்லா கூரா இருக்கணும், மழுங்கின கத்திரிக்கோல் தண்டை நசுக்கிரும். அடியில ரெண்டு சென்டிமீட்டர் சாய்வா வெட்டி உடனே தண்ணில வைங்க, வெட்டிட்டு ஃபோன் பேசப் போயிராதீங்க. தண்ணிக்குள்ள போற இலை எல்லாத்தையும் உருவிருங்க.

இனி ஒவ்வொரு பூவும் ஒவ்வொரு குணம்.

டாஃபோடில் தனி பக்கெட். தனி. வெட்டின இடத்துலேர்ந்து வழவழன்னு ஒரு சாறு வடியும், அது மத்த பூவுக்கு ஆகவே ஆகாது, டியூலிப் இலை மஞ்சளாகுறதே அதனாலதான். ஒரு ராத்திரி பூரா தனியா சாறு வடிய விட்டு, காலைல அந்தத் தண்ணியைக் கொட்டிட்டு, தண்டை மட்டும் அலசி மத்த பூவோட சேருங்க. முக்கியமா, சேர்க்கும்போது மறுபடி வெட்டக்கூடாது, வெட்டினா திரும்பவும் சாறு வரும், ராத்திரி முழிச்சது வீண். அந்தச் சாறு கைல பட்டா சிலருக்கு அரிக்கும், பூ பறிக்கிறவங்களுக்கு இது தொழில் வியாதி மாதிரி. நான் ஒரு தடவை ஆசைப்பட்டு டாஃபோடில்ல சாமி படத்துக்கு மாலை கட்டி, ரெண்டு நாள் விரல் இடுக்கெல்லாம் சொறிஞ்சுக்கிட்டு இருந்தேன். கிளவுஸ் போட்டுக்குங்க. கிழங்கு, தண்டு, பூ எல்லாமே வயித்துக்கு விஷம். விரியாத டாஃபோடில் கட்டு பாக்குறதுக்கு வெங்காயத்தாள் மாதிரியே இருக்கும், அதனாலயே 2015-ல இங்கத்த பொது சுகாதாரத் துறை சூப்பர் மார்க்கெட்டுகளுக்கு, இதைக் காய்கறிப் பக்கத்துல வைக்காதீங்கன்னு எழுதினாங்க. வீட்ல பெரியவங்க சமைக்கிறாங்கன்னா ஃபிரிட்ஜ்ல வெங்காயத்தாள் பக்கத்துல வச்சிராதீங்க, விளையாட்டுக்குச் சொல்லல.

டியூலிப்பைக் கட்டோட அப்படியே நியூஸ்பேப்பர்ல இறுக்கமா கூம்பு மாதிரி, தலை வரைக்கும் சுத்தி, குளிர்ந்த தண்ணில நிமிர்த்தி வைங்க, காலைல பேப்பரைப் பிரிச்சா எல்லாம் ராணுவ அணிவகுப்பு மாதிரி நேரா நிக்கும். வளைஞ்ச டியூலிப்பும் இப்படி நிமிர்ந்துரும். தண்ணில செப்புக் காசு போடு, கழுத்துல ஊசி குத்துன்னு ஆளாளுக்கு வைத்தியம் சொல்லுவாங்க, நான் எல்லாத்தையும் செஞ்சு பாத்துட்டேன், பேப்பர்தான் வேலை செய்யுது.

ஹயசிந்த் அடித்தண்டுல வெள்ளையா ஒரு கட்டை இருந்தா அதை வெட்டாதீங்க, அது வழியாதான் நல்லா தண்ணி குடிக்கும். வாசனை ஆளைத் தூக்கும், சின்ன ரூம்ல ரெண்டு தண்டுக்கு மேல வச்சா தலைவலி கேரண்டி. அனிமோன் தண்ணியா குடிக்கும், ஜாடில அளவு சட்டுன்னு குறையும், பாத்துக்கிட்டே இருக்கணும். ரனங்குலஸ் தண்டு உள்ள ஓட்டை, ஆழத் தண்ணில வச்சா அழுகிரும், நாலு விரக்கடை தண்ணி போதும்.

ஹெல்லெபோர்னு ஒண்ணு வரும், அழுக்குப் பச்சையும் பழுத்த நாவப்பழ நிறமுமா, எனக்கு ரொம்பப் பிடிச்சது, ஆனா வெட்டின அரை மணில துவண்டுரும். இதுக்கு வெந்நீர் வைத்தியம்: பூவை ஒரு துணியில சுத்தி ஆவி படாம பாத்துக்கிட்டு, தண்டு நுனியை மட்டும் கொதிக்கிற தண்ணில 20, 30 செகண்ட் வச்சு எடுத்து, உடனே ஆழமான குளிர்ந்த தண்ணில கழுத்து வரைக்கும் விட்டுருங்க. நடுவுல விதைப்பை உருண்டு இருக்குற முத்தின பூவா எடுத்தா இன்னும் தாங்கும்.

லைலாக், செர்ரி, ஃபார்சித்தியா எல்லாம் கட்டைத் தண்டு. அடியில ஒரு இஞ்ச் நீளத்துக்கு செகட்டரால நேரா பிளந்து வெதுவெதுப்பான தண்ணில ஆழமா வைங்க. லைலாக்ல இலையை மொத்தமா உருவிருங்க, இல்லன்னா தண்ணி பூரா இலைக்கே போயிரும். ஃபார்சித்தியா கிளையை பிப்ரவரில மொட்டோட வெட்டிட்டு வந்து ஹால்ல வச்சா ஒண்ணு ரெண்டு வாரத்துல தானா பூத்துரும், வெளிய பனி பெய்யுற நேரத்துல வீட்டுக்குள்ள மஞ்சளா நிக்கிறத பாக்கணுமே.

எல்லாத்தையும் ராத்திரி எங்க வைக்கிறது? ஹீட்டர் இல்லாத, இருட்டான, குளிர்ந்த இடம். எங்க வீட்ல அது சைக்கிள் நிறுத்துற ஷெட். பனி உறையாத வரைக்கும் பால்கனியும் ஓகே. வாழைப்பழம், ஆப்பிள் பக்கத்துல வைக்கக்கூடாது, பழுக்குற பழம் விடுற எத்திலீன் வாயு பூவையும் சேர்த்து முதுமையாக்கிரும், ஸ்வீட் பீக்கு எல்லாம் அது எமன்.

சரி, இப்ப கட்டலாம்

கையில அடங்குற நடுத்தர பொக்கேக்கு என் கணக்கு: டியூலிப் 10, ரனங்குலஸ் 5, அனிமோன் 5, உயரமா வாசனையா ஸ்டாக் பூ 3, யூகலிப்டஸ் இல்லன்னா வேற பச்சை 5லேர்ந்து 7. நிறம் மூணுக்கு மேல போகாதீங்க, வாங்கும்போது எல்லாமே அழகாதான் இருக்கும், சேர்த்தா திருவிழா பலூன் கடை ஆயிரும். எல்லாத்தையும் மேஜைல வகை வகையா பரப்பி வச்சுட்டு, ஒவ்வொரு தண்டுலயும் பூவுக்குக் கீழ ஒரு சாண் விட்டு அடி இலையை உருவிட்டு ஆரம்பிங்க.

இடது கைல கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவுல முதல் தண்டை நேரா பிடிங்க. ரெண்டாவது தண்டை அதுக்கு முன்னாடி சாய்வா வைங்க, பூ இடது பக்கம், வால் வலது பக்கம். மூணாவதும் அதே சாய்வு. நாலஞ்சு தண்டு வச்சதும் கொத்தையே கால்வாசித் திருப்பிட்டு, மறுபடி அதே சாய்வுல வைங்க. எந்தத் தண்டும் மாறிச் சாயக்கூடாது, ஒண்ணே ஒண்ணு எதிர்ப்பக்கம் போனாலும் அந்த இடத்துல தண்டு முறியும். பூ கட்டத் தெரிஞ்ச கைக்கு இது சீக்கிரம் பிடிபடும், இந்தப் பக்கம் ரெண்டு அந்தப் பக்கம் ரெண்டு வச்சு நாரை ஒரே திசைல சுத்தி இழுக்குறோமே, அந்த மாதிரி திசை விரலுக்குத் தெரியணும், கண்ணு பாக்கத் தேவையில்ல. ஒரே வித்தியாசம், அங்க இறுக்கினாதான் சரம், இங்க பிடி லூசா இருக்கணும், இறுக்கிப் பிடிச்சா பூவெல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டி முட்டைக்கோஸ் மாதிரி ஆயிரும்.

டியூலிப் ராத்திரிக்குள்ள வளரும்னு சொன்னேன்ல, அதனால அதை மத்த பூவைவிட ரெண்டு விரல் தாழ்த்தி வைங்க, நாளைக்குத் தானா சமமாயிரும். பச்சையைக் கடைசில ஓரத்துக்கு மட்டும் வைக்காம நடுநடுவுல சொருகுங்க. பிடிச்ச இடத்துலயே சணல் கயிறாலயோ வாழைநாராலயோ மூணு சுத்து சுத்தி முடிச்சுப் போட்டு, அடியை சமமா வெட்டிட்டு மேஜைல நிறுத்திப் பாருங்க. தண்டெல்லாம் முறுக்குன கூடை மாதிரி விரிஞ்சு பொக்கே தானா நிக்கணும். விழுந்தா எங்கயோ ஒரு தண்டு மாறிச் சாஞ்சிருக்கு, பிரிச்சுட்டு மறுபடி கட்டுங்க, என்னோடது முதல் ஆறேழு தடவை விழுந்துச்சு.

ஜாடி அலங்காரம்

இதுக்கு பச்சை ஸ்பாஞ்சு மாதிரி ஒரு ஃபோம் விப்பாங்க, வாங்காதீங்க. அது பிளாஸ்டிக், நொறுங்கித் தூளாகி தண்ணியோட சாக்கடைக்குப் போகும், அதனாலதான் இங்கத்த தோட்டக்கலைச் சங்கமான ராயல் ஹார்டிகல்சரல் சொசைட்டி 2021லேர்ந்து செல்சீ மலர்க் கண்காட்சி உட்பட அவங்க ஷோ எல்லாத்துலயும் அதைத் தடை பண்ணிட்டாங்க. போதாததுக்கு மெத்துனு இருக்குற டியூலிப், டாஃபோடில் தண்டு அதுக்குள்ள சரியா இறங்கவும் இறங்காது. அதுக்குப் பதிலா கோழி வலைக் கம்பியை ஒரு துண்டு வெட்டி லேசா பந்து மாதிரி கசக்கி ஜாடிக்குள்ள அமுக்கி, மேல டேப்பைப் பெருக்கல் குறி மாதிரி ஒட்டுங்க. 1953-ல எலிசபெத் ராணி முடிசூட்டு விழாவுக்குப் பூ அலங்காரம் பண்ண கான்ஸ்டன்ஸ் ஸ்ப்ரை காலத்து வித்தை இது, இன்னும் இதைவிட நல்லது வரல.

ஜாடிக்குக் காசு செலவு பண்ணவே வேணாம். நம்ம வீட்டு சொம்பு இருக்கே, கழுத்து சிறுத்து வயிறு பெருத்து, டாஃபோடிலுக்குன்னே அளவெடுத்துச் செஞ்ச மாதிரி இருக்கும், கம்பி வலையே தேவையில்ல. உருளி இருந்தா நடுவுல ஜப்பான்காரங்க வைக்கிற ஊசிக்கட்டை ஒண்ணு வச்சு, ஒரு செர்ரி கிளையும் மூணு ஹெல்லெபோரும் குத்தி நிறுத்துங்க, வர்றவங்க எந்தக் கடைல பண்ணினீங்கன்னு கேப்பாங்க. ஒடிஞ்ச ரனங்குலஸ் தலையைக் குப்பைல போடாம ஆளுக்கு ஒரு டபரால மிதக்க விடலாம். உயரத்துக்கு ஒரு கணக்கு, ஜாடி ஒரு பங்குன்னா அதுக்கு மேல பூ ஒண்ணரைப் பங்கு, ஆனா சொம்புல நான் அதைப் பாக்குறதில்ல, குட்டையா இருந்தாதான் அழகு.

பூனை வளர்க்குறவங்க மட்டும் கவனிங்க: பொக்கேல லில்லி வேணவே வேணாம். மகரந்தம் உடம்புல பட்டு நக்கினாலோ, ஜாடித் தண்ணியைக் குடிச்சாலோகூட பூனைக்குக் கிட்னி போயிரும். டியூலிப், டாஃபோடிலும் நாய் பூனைக்கு ஆகாது, கிழங்குல விஷம் அதிகம்.

அப்புறம் பாத்துக்குறது

ரெண்டு நாளைக்கு ஒரு தடவை தண்ணியை முழுசா மாத்துங்க, மேல ஊத்துறது கணக்குல சேராது. டாஃபோடில் தவிர மத்ததெல்லாம் அடியில ஒரு சென்டிமீட்டர் வெட்டுங்க. பூ வாடாம இருக்க தண்ணில கலக்கச் சொல்லி கடைல தர்ற பொடி பாக்கெட் தீர்ந்துட்டா ஒரு லிட்டர் தண்ணிக்கு சர்க்கரை ஒரு டேபிள்ஸ்பூன், எலுமிச்சைச் சாறு ரெண்டு டேபிள்ஸ்பூன், பிளீச் கால் டீஸ்பூன், போதும். டியூலிப், டாஃபோடில் மட்டும் இருக்குற ஜாடிக்கு இது கூட வேணாம், குளிர்ந்த தண்ணி கொஞ்சமா இருந்தாலே சந்தோஷமா நிக்கும். ஜன்னல் வெயில், டிவி மேல், ஹீட்டர் மேல் மூணும் ஆகாது.

எவ்வளவு நாள் வரும்னா, ரனங்குலஸ் ஒரு வாரம் பத்து நாள், டியூலிப் அஞ்சு ஆறு நாள், டாஃபோடில் நாலஞ்சு, லைலாக் மூணு நாளைக்கு மேல எதிர்பாக்காதீங்க. பியோனி அஞ்சு நாள், ஆனா அதுல ஒரு வசதி இருக்கு, பஞ்சுப் பதத்துல இருக்குற மொட்டை இலையை உருவி, தண்ணி இல்லாம பேப்பர்ல சுத்தி ஃபிரிட்ஜ்ல படுக்க வச்சா ரெண்டு வாரம் அப்படியே தூங்கும், வேணுங்குற அன்னைக்கு முந்தின நாள் எடுத்து அடியை வெட்டி வெதுவெதுப்பான தண்ணில வச்சா முழிச்சுக்கும். பழம் இருக்குற தட்டுல மட்டும் வச்சிராதீங்க.

தூர விசேஷத்துக்கு எடுத்துட்டுப் போறதுன்னா தண்டு நுனில நனைச்ச கிச்சன் டிஷ்யூ சுத்தி, அதுக்கு மேல ஒரு பிளாஸ்டிக் பை மாட்டி ரப்பர் பேண்ட் போட்டுக்குங்க, கார்ல ஹீட்டரை அணைச்சுட்டு ஜாக்கெட் போட்டு உக்காருங்க. கட்டுக்கட்டா வாங்கினா வீடு பூரா ரப்பர் பேண்ட் சேரும், தூக்கிப் போடாதீங்க, கருவேப்பிலைக் கட்டுக்கு ஆகும்.